சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமை: கட்டடமும் கூட்டாளிகளும் – வாசகர் கேள்வி பதில்

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், கொங்குப் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் அதிகம். கூடப் படித்தவர்கள் அங்கே வேலையில் இருக்கிறார்கள், அவர்களோடு ஒரு நாள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

“நாங்க நாலு பேரும் கோவையில ஒண்ணா இன்ஜினீயரிங் படிச்சவங்க. ரெண்டு பேரு சிங்கப்பூர்ல இருக்காங்க. பொங்கலை ஒட்டிப் போறோம். எல்லாரும் சேர்ந்து இருக்க ஒரு நாள்தான் கிடைக்குது. பழைய கட்டடமும் பாக்கோணும், புதுசும் பாக்கோணும், நடுவுல உக்காந்து பேசிச் சாப்பிடோணும். எப்படிங்க பிரிச்சுக்கிறது?”
– வாசகர், திருப்பூர்

முதலில் கிழமை. ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வையுங்கள். மேக்ஸ்வெல் சாலையில் நகரச் சீரமைப்பு ஆணையம் நடத்தும் சிங்கப்பூர் சிட்டி கேலரி ஞாயிறும் பொது விடுமுறை நாளும் கிடையாது. கட்டடம் பார்க்க வருகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது. வார நாளில் போனால் அலுவலகப் பகுதி முழுக்க 12 மணியிலிருந்து ஒன்றரை வரை சாப்பாட்டுக் கூட்டம். நண்பர்களுக்கும் லீவு இருக்காது. சனிக்கிழமையில் ஒரு குறை உண்டு. அலுவலகப் பகுதியில் பல கடைகள் மூடியிருக்கும், கேப்பிட்டாஸ்பிரிங் போன்ற அலுவலகக் கோபுரங்களின் மாடித் தோட்டங்களை வார நாளில்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். பரவாயில்லை, விடுங்கள்.

அடுத்தது வெயில். ஊர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. சூரியன் காலை 7 மணி வாக்கில் உதித்து மாலை 7 மணி வாக்கில் மறையும். 11 மணிக்கு மேல் காங்கிரீட்டின் நடுவே நடந்தால் புழுக்கத்திலேயே ஆள் அசந்துபோவார். அதனால் கிழக்குப் பார்த்த பழைய கட்டடங்களைக் காலையிலும், உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதை மத்தியானத்திலும், மரினா விரிகுடாவின் புதுக் கட்டடங்களை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். விடிந்ததும் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலைக்குப் போய், எதிர்க்கரையில் உள்ள மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலைப் படம் எடுத்தால், கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் நிற்கும், படத்தில் கறுப்பு நிழல்தான் விழும்.

காலை 8 மணிக்கு தெலுக் ஆயர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் சந்தியுங்கள். இன்று நாலு பக்கமும் கோபுரங்கள் சூழ்ந்திருக்கும் தெலுக் ஆயர் தெருதான் 1880களுக்கு முன் கடற்கரை. கப்பலில் வந்து இறங்கியவர்கள் பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்லக் கட்டியவை அதே பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. 1828–30ல் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா. அதைத் தாண்டி 1839–42ல் எழுந்த தியான் ஹொக் கெங் சீனக் கோயில். இன்னும் கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசல், தமிழர் வாயில் குச்சுப் பள்ளி. சீனக் கோயிலில் விட்டத்தைத் தாங்கும் மரத்தாங்கிகளை அண்ணாந்து பாருங்கள். ஆணி அடிக்காமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறக்கியிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆன் சியாங் ஹில் வழியாகப் பத்து நிமிட நடையில் சிட்டி கேலரி. காலை 9 மணிக்குத் திறக்கிறது, கட்டணம் இல்லை. மத்திய நகரத்தின் மாதிரியை 1:400 அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். மாலையில் நடக்கப்போகும் வழியை அதன் மேல் விரலால் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டால் பிறகு வரைபடமே தேவைப்படாது. ஒரு மணி நேரம் போதும்.

பத்தரைக்கு சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில். 1827ல் மரமும் கீற்றுமாகத் தொடங்கியது, 1843ல் செங்கல் கட்டடமானது. இதை நிறுவிய நாராயண பிள்ளை, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு 1819ல் வந்தவர். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டவரும் அவரே. நடை பகல் 12 மணிக்குச் சாத்திவிடுவார்கள். பிரகாரத் தளம் 11 மணிக்கே காலைச் சுடும், ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும். அடுத்த தெரு முனையிலேயே ஜாமியா சூலியா பள்ளிவாசல்.

பிறகு சைனாடவுனிலிருந்து ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. பன்னிரண்டு மணிக்கு முன்னால் இலை முன் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்றரை வரை பேசலாம், யாரும் அவசரப்படுத்தாத மேசையாகப் பார்த்து முன்பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சாப்பிட்டதும் வெயிலில் இறங்காமல் டோபி காட் நிலையத்தில் தடம் மாறி சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி நேஷனல் கேலரிக்குள் போய்விடுங்கள். 1929ல் கட்டிய நகராட்சி மாளிகையையும் 1939ல் கட்டிய உச்ச நீதிமன்றத்தையும் ஒரே கூரை விரிப்பால் இணைத்து 2015ல் திறந்தார்கள். மரம் கிளைவிட்டதுபோல் பிரியும் தூண்கள் அந்தக் கூரையைத் தாங்குகின்றன. பழைய கட்டடங்களின் மேல் பாரம் ஏறாதபடி எங்கே தூணை இறக்கியிருக்கிறார்கள் என்று உங்களைப் போன்ற இன்ஜினீயர்கள் தேடிப் பார்க்கலாம். உச்ச நீதிமன்றப் பகுதியில் 1937ல் வைத்த அடிக்கல் இருக்கிறது. அதன் கீழே புதைத்த காலப் பேழையைக் கி.பி. 3000 வரை எடுக்கக் கூடாதாம். 1945 செப்டம்பர் 12ல் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்திட்ட அறை நகராட்சி மாளிகைப் பக்கம்.

ஐந்து மணிக்கு வெளியே வாருங்கள். எதிரே பாடாங் மைதானம். 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்ட இடம். எஸ்பிளனேட் பூங்காவில் அதற்கான நினைவுக் கல் இருக்கிறது, தமிழர் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். அப்படியே 1869ம் ஆண்டு கேவனா பாலத்தைக் கடந்து (அதன் முனையில் உள்ள பழைய பலகையைப் படியுங்கள்: 3 ஹண்டிரட்வெயிட், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கும், மாடு குதிரைக்கும் அனுமதி இல்லை), 1928ல் தபால் நிலையமாகத் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்தை ஒட்டி ஆறு மணிக்கு மெர்லயன். இப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், மரினா பே சாண்ட்ஸ் முழு வெளிச்சத்தில்.

பொங்கல் சமயம் அங்கே வடகிழக்குப் பருவமழை. சில ஆண்டுகளில் ஜனவரி முதல் பாதியில் விட்டுவிடாமல் ஒரு நாள் முழுக்கப் பெய்யும். அப்படியானால் காலை நடையைக் கைவிட்டு, சிட்டி கேலரி, சாப்பாடு, நேஷனல் கேலரி மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

“எங்க தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டை இடிக்காம சரி பண்ணலாம்னு இருக்கோம். சிங்கப்பூர்ல பழைய கடைவீடுகளை நல்லா வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. அங்க போறப்ப எதை உத்துப் பாக்கோணுமுங்க?”
– வாசகர், காங்கேயம்

நல்ல கேள்வி. தொட்டிக்கட்டு வீடும் கடைவீடும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த இரண்டு விடைகள்: வெயிலும் மழையும் ஒன்றாக வரும் ஊரில், மின்விசிறி இல்லாத காலத்தில், காற்றும் வெளிச்சமும் எப்படி உள்ளே வரும்?

கீழே கடையும் மேலே குடியிருப்புமான கடைவீட்டின் முகப்பு குறுகல், 16 முதல் 20 அடி அளவில்தான் இருக்கும். ஆழம் அதைப் போலப் பல மடங்கு. பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொண்ட செங்கல் சுவர் இரு பக்கமும் நிற்கும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மர உத்திரம் பாய்ந்திருக்கும், நடுவில் தூண் கிடையாது. ஆக வீட்டின் அகலத்தைத் தீர்மானித்தது கிடைத்த மரத்தின் நீளம். இரு பக்கமும் ஜன்னல் வைக்க வழியில்லாததால், நடுவே கூரையைத் திறந்துவிட்டு ஒரு காற்றுக்கிணறு. உங்கள் வீட்டுத் தொட்டி செய்யும் அதே வேலைதான். சூடான காற்று அதன் வழியே மேலேறும், தெருப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும், மழைநீர் கீழே விழுந்து வடிகாலில் போகும்.

முன்னால் உள்ள நடைபாதைதான் ஐந்தடி வழி. 1822ல் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்குக் கொடுத்த உத்தரவில், தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியாக, எப்போதும் திறந்திருக்கும் மூடுநடை இருக்க வேண்டும் என்று எழுதினார். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லாருடையது. நம் ஊர்த் திண்ணையைக் கிரில் போட்டு அடைத்ததுபோல் அங்கே அடைக்க முடியாது.

உற்றுப் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, உத்திரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடம். மர வீட்டில் முதலில் கெடுவது அதுதான். சுவரின் ஈரம் நுனியில் ஏறும், பிறகு கறையான் வரும். நடுவில் மரம் உறுதியாகத் தெரிந்தாலும் நுனியைச் சுத்தியால் தட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. இரண்டு, காற்றுக்கிணற்றின் மேல்பக்கம். புதுப்பித்தவர்கள் சிலர் அதன் மேல் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைத்துவிட்டார்கள். அந்த வீடுகளுக்குள் நுழைந்ததும் ஒரு பூஞ்சை வாடை வரும். திறந்தே விட்ட வீட்டோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். மூன்று, தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையுள்ள சுவர்.

இந்த மூன்றாவதைத்தான் உங்கள் வீட்டுக்கு அவசியம் மனதில் வைக்க வேண்டும். பழைய செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் தரை ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாகவே அதை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் வெளியேறும் வழி அடைபடும். ஈரம் சுவரில் மேலேறும், அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைப் பொரியவைத்துத் தள்ளும். “போன வருஷம்தான் பூசினோம், மறுபடி உதிருது” என்ற புலம்பலுக்குக் காரணம் கொத்தனார் இல்லை, சிமென்ட். பழுதான பகுதியைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, சில மாதம் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்புச் சாந்தே பூசி, காற்றுவிடும் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக 1989ல் அறிவித்தார்கள். அலங்காரம் குறைந்த பழைய வகை தெலுக் ஆயர், அமோய் தெருக்களில் கிடைக்கும். பூவேலைச் சுதையும் நிற ஓடும் நிறைந்த பிற்கால வகைக்கு, லிட்டில் இந்தியாவுக்கு வடக்கே 1930ல் கட்டிய பெட்டேன் சாலை வரிசை வீடுகளைப் பாருங்கள். குடியிருக்கும் வீடுகள், எட்டிப் பார்ப்பதற்கும் ஒரு மரியாதை இருக்கட்டும்.

சுண்ணாம்பு பற்றியே இன்னொன்று. சிட்டி ஹால் நிலையத்தை ஒட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1856ல் தொடங்கி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. உள்சுவருக்கு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்துக் குழைய அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பதமாக்கிப் பூசினார்கள். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அதே இடத்தில் முன்பிருந்த தேவாலயத்தில் 1845லும் 1849லும் இடி விழுந்து, 1852ல் அதை மூடவேண்டியதாயிற்று.

“எங்க அத்தை சுத்த சைவம். எங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மீன், கோழி இல்லாம உக்கார மாட்டாங்க. எல்லாரும் ஒரே மேசையில சாப்பிட முடியுமுங்களா?”
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

முடியும். ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைக் கடைகளில் இலை, சாதம், இரண்டு காய், அப்பளம், ரசம், மோர் எல்லாருக்கும் பொது. அசைவம் தனித் தட்டில் வரும். அத்தையை மேசை ஓரத்தில், மீன்சட்டி வரும் திசைக்கு எதிர்ப்புறம் உட்காரவையுங்கள். அவருக்கு வாடையே ஆகாது என்றால் செராங்கூன் சாலையில் 1947லிருந்து நடக்கும் கோமளவிலாஸ் போன்ற சைவக் கடையில் எல்லாரும் சாப்பிட்டுவிடுவது நல்லது. ஒரு வேளை மீன் இல்லாவிட்டால் நண்பர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

மீன் தலைக் கறி அந்த ஊரில் பிறந்த ஐட்டம். சங்கரா வகைப் பெரிய மீனின் தலை, புளிக் குழம்பு, வெண்டைக்காய், கத்தரிக்காய். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு சொல்லிக் கேட்க வேண்டும். சிறியதே இரண்டு மூன்று பேருக்குப் போதும். நாலு பேர் போய்ப் பெரியதை வாங்கிப் பாதியை மிச்சம் வைப்பது அடிக்கடி நடக்கிறது. முழு இலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலை நடை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் சீன, மலாய் உணவங்காடிகளில் “வெஜிடபிள்” என்று எழுதியிருந்தாலும் சிப்பிச் சாறும் உலர்ந்த இறால் விழுதும் சேர்ந்திருக்கும். கீரைப் பொரியல்தானே என்று நம்பி வாங்கக் கூடாது. சீன பௌத்த சைவக் கடைகள் தனியாக உண்டு. அங்கே வெங்காயம், பூண்டுகூடப் போடமாட்டார்கள். தட்டில் கோழித் துண்டு, மீன் துண்டு போலவே கிடப்பது சோயாவும் கோதுமைப் புரதமும். அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

“மெனுவுல ஒரு விலை, பில்லுல ஒரு விலை வருதுன்னு சொல்றாங்களே, ஏமாத்தறாங்களா?”
– வாசகர், கரூர்

ஏமாற்று இல்லை. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும் என்று பொருள். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 110, அதற்கு வரி போட்டு 119.90. (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்தான்.) கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், கணக்குப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். டிப்ஸ் தனியாக வைக்க வேண்டியதில்லை. கேட்காமல் மேசைக்கு வரும் ஈரத் துண்டும் வேர்க்கடலையும் சில கடைகளில் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உணவங்காடியில் இந்தக் கூட்டல் எதுவும் கிடையாது. ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும், அது சட்டம். காலியாக இருக்கும் மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் இடம் பிடித்தாயிற்று, அதில் உட்காரக் கூடாது.

“அப்பாவுக்கு 72 வயசு, முட்டி வலி. நடக்கற தூரத்தைக் குறைக்க வழி இருக்குங்களா?”
– வாசகி, உடுமலை

காலையில் தெலுக் ஆயர் பக்கம் அப்பாவை அழைத்துப் போக வேண்டாம். ஆன் சியாங் ஹில்லில் படிகள் உண்டு. பத்து மணிக்கு நேராக சிட்டி கேலரிக்கு வரச்சொல்லுங்கள். எம்ஆர்டி நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் லிஃப்ட் வெளிவரும் வாசல் நீங்கள் போக வேண்டிய வாசலாக இருக்காது, அதைத் தேடி நடப்பதே தனி நடை. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு ‘இ’ வாசல். இரண்டு நிறுத்தத்துக்கு மேல் மாற வேண்டியிருந்தால் டாக்சியே மேல். பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகள் கூட இருந்தால், செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் குழந்தை இருக்கை வேண்டும், டாக்சிக்கு விலக்கு உண்டு.

“மரினா பே சாண்ட்ஸ் உச்சிக்குப் போகலீன்னா நஷ்டமுங்களா?”
– வாசகர், கோவை

இல்லை. 55 மாடிக் கோபுரங்கள் மூன்றின் தலையில் 340 மீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்காவைக் கிடத்தியிருக்கிறார்கள். 2010ல் திறந்தது, வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. மேலே ஏறிவிட்டால் அந்தக் கட்டடத்தைத் தவிர எல்லாம் தெரியும். மூன்று கோபுரமும் காற்றில் வெவ்வேறு அளவு அசையும் என்பதால் பூங்காவை ஒரே துண்டாகக் கட்டாமல் இடைவெளி விட்டு இணைத்திருக்கிறார்கள். கடைசிக் கோபுரத்தைத் தாண்டி அந்தரத்தில் நீளும் முனை கீழே இருந்து பார்த்தால்தான் புரியும். நீச்சல் குளம் ஹோட்டலில் தங்குவோருக்கு மட்டும்.

உயரத்திலிருந்து பார்க்கத்தான் வேண்டும் என்றால் டக்ஸ்டனில் உள்ள பினாக்கிளுக்குப் போங்கள். 2009ல் கட்டி முடித்த, 50 மாடி, 7 கோபுரம் கொண்ட அரசு வீடமைப்பு. 50ம் மாடி வான்பாலத்துக்குச் சிறு கட்டணத்தில் வெளியாரை விடுகிறார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு.

“நண்பர் வீட்டுக்கு ஊர்ச் சாமான் ஏதாச்சும் கொண்டுபோலாமுங்களா? அம்மா மசாலாப் பொடி அரைச்சுத் தர்றேங்கறாங்க.”
– வாசகர், நாமக்கல்

பொடியில் கசகசா இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நம் குருமா மசாலாவில் சாதாரணமாகச் சேரும் கசகசா அங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் வரும் பொருள். கசகசா இல்லாமல் அரைத்து, நன்றாக மூடி, மேலே என்ன பொடி என்று எழுதி ஒட்டுங்கள். உப்புக்கண்டம் முதலிய இறைச்சி வகை எதுவும் கூடாது. சூயிங்கம், வாயில் போடும் புகையிலை, மின்சிகரெட் மூன்றும் தடை. பையில் தெரியாமல் கிடந்தாலும் சிக்கல்தான். சென்னிமலைப் போர்வை, பவானி ஜமக்காளம், நாட்டுச் சர்க்கரை, மஞ்சள் தூள் கொண்டுபோகலாம்.

விசா தவிர, வருகைப் பதிவு அட்டையை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். சார்ஜருக்கு மூன்று சதுர முனை கொண்ட பிளக் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், கோவையிலேயே கிடைக்கும்.